வெப் டிசைன், போட்டோ, பழைய படம், சிரிப்பு, சாமி: அடிக்கடி கேக்குற கேள்விகள்

இந்த அஞ்சுக்கும் என்ன சம்பந்தம், ஏன் எப்பவும் இதையே பேசிட்டு இருக்கீங்க?

எனக்கு அஞ்சும் கிட்டத்தட்ட ஒரே வேலையாத்தான் படுது. எதிர்ல ஒருத்தர் இருக்காங்க, அவங்க இடத்துல போய் உக்காந்து பாக்கத் தெரியணும். சைட் பண்றவருக்கு அந்தப் பேஜை முதல் தடவை திறக்கிறவர், ஜோக் சொல்றவருக்கு கேக்குறவர், போட்டோ எடுக்குறவருக்கு கேமரா முன்னாடி நிக்கிறவர், டைரக்டருக்கு தியேட்டர் இருட்டுல உக்காந்திருக்கிறவர். சாமி கும்பிடும்போது எதிர்ல இருக்கிறவர் கண்ணுக்குத் தெரியமாட்டார், ஆனா அங்கயும் நம்மளைத் தாண்டி யோசிக்கிற அந்தப் பழக்கம்தான் தேவைப்படுது. கேள்வி எல்லாம் கலந்து கட்டித்தான் வருது, அதனால நானும் பிரிக்காம வர்ற வரிசையிலயே சொல்றேன்.

ஒரு சைட் நல்லா இருக்கா இல்லையான்னு எதை வச்சு சொல்றீங்க?

கலரு, அனிமேஷன் எல்லாம் அப்புறம். முதல்ல அதை ஒரு சாதாரண போன்ல, வெயில்ல நின்னுகிட்டு, ஒத்தக் கையால திறந்து பாருங்க, இன்னொரு கையில பை இருக்குன்னு வச்சுக்கங்க. போன் நம்பரோ டைமிங்கோ, ஒருத்தர் எதைத் தேடி வந்தாரோ அது கிடைக்க எவ்ளோ நேரம் ஆகுது, நடுவுல எத்தனை பாப்அப் குறுக்க வருது, அதை மூடுற பட்டன் கட்டை விரலுக்கு அகப்படுதா, இதுலயே பாதி தெரிஞ்சிடும். டிசைனர் வேலை பாக்குறது பெரிய மானிட்டர்ல, நல்ல நெட்ல, நிழல்ல. அங்க எல்லா சைட்டும் அழகாத்தான் இருக்கும்.

அடுத்தது எழுத்து. வெள்ளை மேல வெளிறிப்போன சாம்பல் கலர்ல எழுதுறது ஒரு பேஷனாவே ஆயிடுச்சு, எனக்கு அது சுத்தமா பிடிக்காது. சைட்டை எல்லாராலயும் பயன்படுத்த முடியணும்னு டபிள்யூசிஏஜி-ன்னு ஒரு சர்வதேச வழிகாட்டி இருக்கு, அதோட ஏஏ லெவல்ல சாதாரண சைஸ் எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவுல கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், குறைஞ்சது 4.5க்கு 1 இருக்கணும், பெரிய எழுத்துன்னா 3க்கு 1 போதும். இதைக் கண்ணால குத்துமதிப்பா பாக்க வேண்டாம், பிரவுசர்ல இருக்குற டெவலப்பர் டூல்ஸே கணக்குப் போட்டு சொல்லிடும். அதைத் தாண்டாத கலரை எவ்ளோ அழகா இருந்தாலும் தூக்கிடுங்க, ஏன்னா வயசானவங்க படிக்க முடியாம போற ஒரு வரிக்கு அழகுன்னு பேர் வைக்க எனக்கு மனசு வரல.

இன்னொண்ணும் சொல்லணும். 1991-ல டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆராய்ச்சி மையத்துல வச்ச முதல் சைட்டோட பிரதி இன்னைக்கும் நெட்ல இருக்கு, வெறும் எழுத்தும் லிங்க்கும்தான். அதைத் திறந்து பிரவுசர் விண்டோவை எவ்ளோ குறுக்கினாலும் வரி தானா மடங்கி அதுக்குள்ள உக்காந்துக்கும், ஏன்னா பேஜை எழுதுற மொழியான எச்டிஎம்எல் பிறக்கும்போதே அப்படித்தான் பிறந்தது. நடுவுல நாமதான் டேபிள் கட்டி, பிக்சல் கணக்கு வச்சு, 800க்கு 600 ஸ்கிரீன்ல பாக்கவும்னு கீழ போர்டும் மாட்டி அதை இறுக்கிப் பூட்டினோம், அப்புறம் 2010-ல ஈதன் மார்காட்ங்கற டிசைனர், ஸ்கிரீன் சைஸுக்கு ஏத்த மாதிரி பேஜ் தானா மாறிக்கறதை ரெஸ்பான்சிவ் டிசைன்னு எழுதி அந்தப் பூட்டைத் திறக்க வழி சொன்னாரு. அதனால நான் எப்பவும் முதல்ல வெறும் எச்டிஎம்எல்-ஐ மட்டும் எழுதி, எந்த அலங்காரமும் இல்லாம படிச்சுப் பாத்து, அது புரியுதுன்னா மட்டும்தான் கலரும் அலங்காரமும் சேர்க்கிற சிஎஸ்எஸ் பக்கம் போவேன்.

தமிழ்ல சைட் பண்ணா மட்டும் ஏன் ஒரு மாதிரி நெருக்கியடிச்ச மாதிரி தெரியுது?

ரொம்ப நல்ல கேள்வி, இதைப் பத்தி எவ்ளோ நேரம் வேணா பேசுவேன். இங்கிலீஷ் எழுத்துக்குன்னு போட்ட அளவுகளை அப்படியே தமிழுக்குப் போட்டுடறாங்க, அதான் காரணம். நம்ம எழுத்துல கி, கீ-ன்னா கொக்கி மேல ஏறும், கு, கூ, மு, ழு எல்லாம் கீழ இறங்கும். வரிக்கும் வரிக்கும் நடுவுல 1.2 மடங்கு இடம் விட்டா மேல்வரியோட வாலும் கீழ்வரியோட கொக்கியும் இடிச்சுக்கும், அதனால லைன் ஹைட்டை 1.6, 1.8-ன்னு வச்சுப் பாருங்க, உடனே மூச்சு விடும். எழுத்துக்கு நடுவுல இடம் விடுற லெட்டர் ஸ்பேசிங் தலைப்புல இங்கிலீஷுக்கு கம்பீரமா இருக்கும், தமிழுக்குப் போட்டா ஒரே சொல்லு துண்டு துண்டா தெரியும், அதை பூஜ்யத்துல வச்சிடுங்க. இட்டாலிக்கும் அப்படித்தான், பெரும்பாலான தமிழ் பான்ட்ல சாய்வெழுத்துன்னு தனியா வரைஞ்சு வச்சிருக்கறதே இல்ல, பிரவுசர் நேரா இருக்கறதைப் புடிச்சு சும்மா சாய்ச்சு விடுது. ஒரு சொல்லை அழுத்திக் காட்டணும்னா போல்டு போதும்.

பட்டன் தனிக்கதை. இங்கிலீஷ்ல 'டவுன்லோட்'னு எட்டெழுத்துல முடியுறது தமிழ்ல 'பதிவிறக்கிக்கொள்ளவும்'னு வந்து பட்டனை விட்டு வெளிய தொங்கும். அந்த எடத்துல 'இறக்கு'ன்னு போட்டா யாருக்கும் புரியாம போகாது, ஆனா எழுதுறவரும் டிசைனரும் ஒண்ணா உக்காந்து பேசினாத்தான் அந்த மாதிரி சொல்லு கிடைக்கும். இடத்தை நிரப்பப் போடுற அர்த்தமில்லாத லத்தீன் எழுத்தை வச்சு டிசைன் முடிச்சிட்டு கடைசில தமிழை ஊத்தாதீங்க, முதல் நாளே நிஜமான தமிழ் வரியை, அதுவும் நீளமான வரியா பாத்து போட்டு வேலை பாருங்க. பேஜோட லாங்குவேஜ் தமிழ்னு கோடுல குறிக்கவும் மறக்காதீங்க, கண்ணு தெரியாதவங்க பயன்படுத்துற ஸ்கிரீன் ரீடர் எந்தக் குரல்ல வாசிக்கணும்னு அதை வச்சுத்தான் முடிவு பண்ணும்.

பாமினி மாதிரி பான்ட்ல சைட் பண்ண காலத்துல அந்த பான்ட்டை இறக்கி வச்சிருக்கறவங்களுக்கு மட்டும்தான் தமிழ் தெரியும், மத்தவங்களுக்கு கன்னாபின்னான்னு இங்கிலீஷ் எழுத்தா வரும். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவா ஒரு எண் குடுக்குற யூனிகோடு 1991-ல வந்தப்போ, அதோட முதல் பதிப்புலயே தமிழ் இருந்தும், எல்லாரும் அதுக்கு மாற பல வருஷம் ஆச்சு. இப்போ தேடினா கிடைக்குது, காப்பி பண்ணா வருது, எந்த போன்லயும் தெரியுது. இவ்ளோ தூரம் வந்துட்டு லைன் ஹைட்டுல கோட்டை விடறது வருத்தமா இருக்கு.

போட்டோ நிறைய போட்டா பேஜ் திறக்கவே மாட்டேங்குதே?

போன்ல எடுத்த 12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000 பிக்சல் இருக்கும், அது பேஜ்ல உக்காரப்போற இடமோ 800 பிக்சல் அகலம். அப்படியே ஏத்தினா பாக்குறவங்க டேட்டாதான் வீணா போகுது. சின்னதாக்கி, வெப்பி பார்மட்லயோ ஜேபெக்லயோ சேவ் பண்ணி ஏத்துங்க. ஜேபெக் நம்ம கண்ணோட பலவீனத்தை வச்சே வேலை செய்யுது, வெளிச்ச வித்தியாசத்தை கண்ணு நல்லா கவனிக்கும், கலர்ல இருக்குற நுணுக்கத்தை அவ்ளோவா கவனிக்காது, அதனால கலர் விவரத்தைத்தான் முதல்ல விட்டுத்தள்ளும். கோடுல அகலம் உயரம் ரெண்டையும் குறிச்சிடுங்க, இல்லன்னா படம் வந்து விழும்போது படிச்சிட்டு இருந்த வரி கீழ ஓடிடும்.

படத்துல என்ன இருக்குன்னு கோடுல எழுதி வைக்கிற ஆல்ட் டெக்ஸ்ட் எல்லாம் யாரு படிக்கப்போறாங்க, அவசியமா?

கண்ணு தெரியாதவங்க படிப்பாங்க, அதாவது அவங்க போன் அவங்களுக்கு வாசிச்சுக் காட்டும். 'படம் 1'ன்னு ஒருத்தர் காதுல விழுந்தா அவருக்கு என்ன கிடைச்சது? 'ஜன்னல் ஓரமா ஒரு பாட்டி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு ஊசியில நூல் கோக்குறாங்க'ன்னு எழுதிப் பாருங்க. இதை எழுத உக்காந்தாதான் அந்தப் படத்துல என்ன இருக்குன்னே நமக்கு ஒழுங்கா தெரியும், கண்ணாடி இறங்கியிருந்ததையே அப்போதான் கவனிப்போம். போட்டோ கத்துக்கறவங்க எல்லாருக்கும் நான் முதல்ல சொல்ற பயிற்சி இதுதான். எழுத ஒண்ணுமே தோணலைன்னா பெரும்பாலும் அந்தப் படத்துல ஒண்ணும் இல்ல.

எந்த கேமரா வாங்கலாம்?

இருக்கறதை வச்சு எடுங்க. வெளிச்சம் பாக்கக் கத்துக்கற வரைக்கும் எந்த கேமராவும் ஒண்ணுதான்.

சரி, அந்த வெளிச்சத்தை எப்படி பாக்கறது?

ஒரே ஆளை ஜன்னலுக்கு எதிர்ல, ஜன்னலுக்கு முதுகு காட்டி, ஜன்னல் பக்கவாட்டுல வர்ற மாதிரின்னு மூணு விதமா உக்கார வச்சுப் பாருங்க, மூணு வேற மனுஷங்க மாதிரி தெரிவாங்க. ரூம் லைட்டை அணைச்சிடுங்க, ஜன்னல்ல வர்றது நீலம் கலந்த வெளிச்சம், பல்பு மஞ்சள், ரெண்டும் ஒரே முகத்துல விழுந்தா தோல் கலர் கெட்டுப்போகும். நிழல் பக்கம் ரொம்ப இருட்டா இருந்தா ஒரு வெள்ளைத் துணியையோ சார்ட் பேப்பரையோ அந்தப் பக்கம் புடிங்க, வெளிச்சம் அதுல பட்டு மெதுவா திரும்பி வரும்.

இந்த வெள்ளைத் துணிக்குப் பின்னாடி ஒரு பெரிய ஆள் இருக்காரு. சத்யஜித் ராய் படங்களோட ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. 1955-ல வந்த பதேர் பாஞ்சாலிக்கு முன்னாடி அவர் சினிமா கேமராவையே இயக்கினது இல்ல. அடுத்த வருஷம் வந்த அபராஜிதோல காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுல செட்டா போட்டப்போ, முற்றத்துல மேல இருந்து இறங்குற அந்த மிருதுவான வெளிச்சம் எப்படி வரும்னு யோசிச்சு, செட்டுக்கு மேல வெள்ளைத் துணியைக் கட்டி, லைட்டை கீழ இருந்து அது மேல அடிச்சு திருப்பி விட்டாரு. படத்தைப் பாத்தா செட்டுன்னே தோணாது. துணியும் லைட்டும்தான், ஆனா நிஜ முற்றத்துல வெளிச்சம் எப்படி விழுதுன்னு பொறுமையா பாத்த கண்ணு ஒண்ணு அங்க இருந்தது.

மனுஷங்களை எடுக்கும்போது இயல்பா வரமாட்டேங்குது, என்ன பண்ண?

முதல்ல கேளுங்க. எடுக்கலாமான்னு ஒரு வார்த்தை கேட்டா முகம் மாறிடும்னு சொல்றாங்க, மாறட்டும், கொஞ்ச நேரம் பேசினா திரும்ப வந்துடும். தெருவுல படுத்திருக்கறவரை தூரத்துல இருந்து ஜூம் போட்டு எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, வாழ்க்கைன்னு கேப்ஷன் போடறதை எனக்கு ஏத்துக்கவே முடியல. அந்த ஆள் எந்திரிச்சு அந்தப் படத்தைப் பாத்தா என்ன சொல்லுவாருன்னு யோசிச்சாலே போதும்.

குழந்தைங்கன்னா தரையில உக்காந்து அவங்க கண்ணு மட்டத்துல எடுங்க. பெரியவங்கன்னா 'ஓகே, முடிஞ்சிடுச்சு'ன்னு சொல்லிட்டு கேமராவை இறக்காம வச்சிருங்க, சிரிச்சு வச்ச முகம் தளர்ந்து நிஜ முகம் வர்றது அப்போதான், அதுக்கும் அவங்க சம்மதிச்ச பிறகுதான்.

அசையாம நிக்கறதைப் பத்தி ஒரு பழைய படம் ஞாபகம் வருது. 1838-ல, போட்டோ எடுக்குற வித்தையை ஆரம்பத்துல கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தரான டாகேர் பாரிஸ்ல ஜன்னல் வழியா ஒரு பெரிய வீதியை எடுத்தாரு. வண்டியும் ஆளுமா நிறைஞ்ச வீதி, ஆனா பிளேட்ல வெளிச்சம் பதிய பல நிமிஷம் ஆனதால நடந்தவங்க ஓடினவங்க எல்லாரும் படத்துல இல்லாமயே போயிட்டாங்க. ஷூ பாலிஷ் போட்டுக்க ஒத்தக் காலைத் தூக்கி வச்சு நின்னவர் மட்டும் மூலையில சின்னதா பதிஞ்சிருக்காரு. போட்டோவுல விழுந்த முதல் மனுஷன்னு அவரைத்தான் பொதுவா சொல்றாங்க, யாருன்னே யாருக்கும் தெரியாது.

கறுப்பு வெள்ளையா மாத்தினா கிளாசிக்கா ஆயிடுமா?

ஆகாது. கலர் போனா வெளிச்சமும் வடிவமும்தான் மிச்சம், அது ரெண்டும் இல்லாத படம் வெறும் சாம்பலா நிக்கும். சிவப்புப் பூவும் பச்சை இலையும் பல சமயம் ஒரே சாம்பலா போயிடும், அதையும் பாத்துக்கங்க.

பழைய படம் போட்டா தூக்கம் வருது, எங்க இருந்து ஆரம்பிக்கறது?

தூக்கம் வர்றது உங்க தப்பு இல்ல, நமக்குக் காட்டப்படுற விதமே பல நேரம் கெட்டுப்போய் இருக்கு. ஊமைப் படங்கள்ல ஆளுங்க தடதடன்னு ஓடுவாங்களே, அப்படி அவங்க நடக்கல. கேமராவைக் கையால சுத்தி செகண்டுக்கு 16, 18, 20 பிரேம்னு ஏத்த இறக்கமா எடுத்தாங்க, அப்புறம் சத்தம் வந்தப்போ ஒலித்தடம் ஒரே வேகத்துல ஓடணும்னு 24 பிரேம்னு நிலையா வச்சாங்க, பழைய படத்தையும் அதே வேகத்துல ஓட்டினதால வந்த வினை அது. சரியான வேகத்துக்கு மீட்டெடுத்த பிரதியைத் தேடிப் பாருங்க. டிவியில படத்தை அகலமா இழுத்துக் காட்டுற செட்டிங் இருந்தா அணைச்சிடுங்க, பழைய படம் கிட்டத்தட்ட சதுரமா, 1.37க்கு 1-னு இருக்கும், இழுத்தா எல்லார் முகமும் உப்பிடும். ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தா வரட்டும்.

ஆரம்பிக்க என் சிபாரிசு சாப்ளினோட சிட்டி லைட்ஸ். 1931-ல, பேசும் படம் வந்து ஊரே பேசிட்டு இருந்தப்போ வசனம் இல்லாம வந்த படம். அதுல ஒரு எடத்தை மட்டும் சொல்றேன். பூ விக்கிற பொண்ணுக்கு கண்ணு தெரியாது, நாடோடியா வர்ற சாப்ளினை அவ பணக்காரர்னு நினைச்சுக்கணும், கதையே அதுலதான் நிக்குது. வசனம் இல்லாம அதை எப்படி சொல்றது? மாசக்கணக்குல அவருக்குப் பிடிபடல, நூத்துக்கணக்குல டேக் போயிருக்கு. கடைசில டிராபிக்ல நிக்கிற ஒரு காருக்குள்ள ஒரு பக்கமா ஏறி மறுபக்கமா இறங்கி வர்றாரு, கதவு சாத்துற சத்தம் அந்தப் பொண்ணு காதுல விழுது, கார்ல வந்த பெரிய மனுஷன்னு நினைச்சுக்கறா. வசனமே இல்லாத படத்துல ஒரு சத்தத்தை வச்சு கதையை நகர்த்தியிருக்காரு, நமக்கும் அது காதுல விழுந்த மாதிரியே இருக்கும். அந்தப் பொண்ணு உலகத்தை எப்படி அறிஞ்சுக்கறான்னு அவ பக்கம் இருந்து யோசிச்சதால கிடைச்ச விடை அது.

அடுத்து பஸ்டர் கீட்டனோட 1928 படம் ஸ்டீம்போட் பில் ஜூனியர், புயல்ல வீட்டோட முன்பக்கச் சுவரே அவர் மேல சாயும், ஜன்னல் ஓட்டை சரியா அவர் நிக்கிற எடத்துல விழும், டிரிக் இல்ல, நிஜ சுவர், அங்குலக் கணக்குலதான் இடைவெளி. பாக்கும்போது போனை வேற ரூம்ல வச்சிடுங்க.

காமெடின்னா உங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது?

காதலிக்க நேரமில்லைல, 1964, நாகேஷ் தன்னோட அப்பாவா வர்ற பாலையாவுக்கு பேய்க்கதை மாதிரி ஒரு சினிமாக் கதை சொல்ற சீன் தமிழ்ல தெரியாதவங்க இருக்கமாட்டாங்க. எல்லாரும் நாகேஷைத்தான் புகழ்வாங்க, புகழட்டும், வாயாலயே அத்தனை சத்தமும் குடுப்பாரு. அடுத்த தடவை பாலையாவை மட்டும் பாருங்க. அவர் ஜோக் எதுவும் சொல்லல, கேக்குறாரு, அவ்ளோதான். கேக்க கேக்க முகத்துல பயம் ஏறுது, நாம சிரிக்கிறது அந்த முகத்தைப் பாத்து. கேக்குறவர் இல்லாம அந்த சீன் பாதி கூட நிக்காது.

பிடிக்காதது, ஒருத்தரோட நிறம், உடம்பு, திக்குவாய், இதை வச்சு சிரிக்க வைக்கிறது. தியேட்டரே சிரிச்சாலும் அதே மாதிரி இருக்கற ஒருத்தர் நாலு சீட் தள்ளி தலையைக் குனிஞ்சு உக்காந்திருப்பாரு.

சைட்லயும் காமெடிக்கு எடம் காலம் உண்டு. பேஜ் காணோம்னு 404 வரும்போது ஒரு குட்டி ஜோக் இருந்தா நல்லாத்தான் இருக்கும். பணம் கட்டி, காசு போயி, டிக்கெட் வராம பதறிட்டு இருக்கறவருக்கு 'அச்சச்சோ'ன்னு பொம்மை போட்டுக் காட்டாதீங்க. காசு எங்க இருக்கு, எப்போ திரும்ப வரும், யாருக்கு போன் பண்ணணும், இந்த மூணும் அங்க இருக்கணும்.

சாமி விஷயத்துல சிரிக்கலாமா? தப்பில்லையா?

தமிழ்ல இருந்துகிட்டு இந்தக் கேள்வியைக் கேக்கவே வேண்டாம், நம்ம ஆளுங்க சாமியைத் திட்டியே பாடியிருக்காங்க, நிந்தாஸ்துதின்னு அதுக்கு ஒரு வகையே இருக்கு. சுந்தரர் கண்ணு போன வேதனையில திருவாரூர்ல பாடின பதிகத்துல ஒவ்வொரு பாட்டையும் 'வாழ்ந்து போதீரே'ன்னு முடிக்கிறாரு, நீங்க நல்லா இருங்கன்னு கோவத்துல சொல்ற தொனி. காளமேகம் சிலேடையில சாமியைக் கிண்டல் பண்ற மாதிரியே போய் புகழ்ந்து முடிப்பாரு. ஏ.பி. நாகராஜனோட திருவிளையாடல்ல, 1965, தருமியா வர்ற நாகேஷ் கோயில்ல தனியா புலம்புறதைப் பாருங்க, பரிசு வேணும், பாட்டெழுத வரல, சாமிகிட்ட அழுகையும் கெஞ்சலும் கோவமும் ஒண்ணா வருது. சிரிப்பு அள்ளும், ஆனா அந்த சீன்ல பக்தி ஒரு துளி குறையாது, ஏன்னா அந்த ஆளுக்கு சாமி அவ்ளோ பக்கத்துல இருக்காரு. பைபிள்லயும் 13ஆம் சங்கீதம் எடுத்த எடுப்புல 'எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்'னு கேள்வியோடதான் தொடங்குது.

நான் வச்சுக்கிட்ட எல்லை ஒண்ணு உண்டு. என் சாமியை நான் உரிமையோட கேலி பண்ணலாம், அடுத்தவங்க சாமியைத் தொடமாட்டேன். அந்த உரிமை எனக்கு அங்க இல்ல.

நீங்க தினமும் கும்பிடுவீங்களா? சந்தேகமே வராதா?

தினமும் காலையில கும்பிடுவேன், சந்தேகமும் வரும். வந்தா அதையும் சாமிகிட்டயேதான் சொல்றது, சுந்தரர் கிட்டக் கத்துக்கிட்டது அது. ரொம்ப நாள் பதிலே இல்லாத மாதிரி இருக்கும், அப்பவும் உக்காருவேன். எனக்கு பிரார்த்தனைங்கறது பெரும்பாலும் ஆளுங்க பேரைச் சொல்றதுதான், ஒவ்வொரு பேரா நிதானமா சொல்லும்போது அந்த ஆளோட முகம், அவங்க இப்போ படுற கஷ்டம், கடைசியா பேசினப்போ குரல் எப்படி இருந்தது எல்லாம் வரும், சில நாள் அதுக்கப்புறம் எந்திரிச்சு அவங்களுக்கு போன் பண்ணுவேன்.

நம்பிக்கையைப் பத்தி ஒரு படம் சொல்லுங்கன்னா கார்ல் டிரையரோட தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க், 1928. விசாரணைக் கூண்டுல நிக்கிற ஒரு பொண்ணோட முகம், கிட்டத்துல, மேக்கப் இல்லாம, படம் முழுக்க. அந்தப் படத்தோட நெகட்டிவ் தீயில போச்சு, மிச்சமிருந்த டேக்குகளை வச்சு டிரையர் மறுபடி ஒரு பதிப்பு கட்டினாரு, அதோட நெகட்டிவும் தீக்கு இரையாச்சு. 1968-ல அவர் இறந்தாரு. 1981-ல நார்வேல ஒரு மனநல மருத்துவமனையில இருந்து முதல் பதிப்போட பிரதி ஒண்ணு கிடைச்சது, இன்னைக்கு நாம பாக்குறது அதுதான்.

கேக்கவே பயமா இருக்கு, என் போட்டோ எல்லாம் போன்லதான் இருக்கு, என்ன பண்ணட்டும்?

இன்னைக்கே காப்பி எடுங்க. அந்தக் காலத்து பிலிம் நைட்ரேட்ங்கற எளிதா தீப்பிடிக்கிற பொருள்ல செஞ்சது, பத்திக்கிட்டா அணைக்கவே முடியாது, அதுல போன படங்களுக்கு கணக்கே இல்ல. போனும் தண்ணியில விழும், தொலையும். மூணு காப்பி வைங்க, போன்ல ஒண்ணு, ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, வேற வீட்டுலயோ கிளவுட்லயோ ஒண்ணு. எல்லாத்தையும் வைக்கணும்னு இல்ல, ஒரே சீனை இருபது தடவை எடுத்திருந்தா நல்லதா ரெண்டை வச்சிட்டு மத்ததை அழிச்சிடுங்க. முக்கியமானதை பிரிண்ட் போட்டு, பின்னாடி மெல்லிய பென்சில்ல அழுத்தாம பேரும் வருஷமும் எழுதுங்க, பேனா மை ஊறி முன்பக்கம் வந்துடும். பெரியவங்க யாராவது இருந்தா பழைய ஆல்பத்தை அவங்க பக்கத்துல உக்காந்து புரட்டி, யாரு யாருன்னு கேட்டு இப்பவே எழுதிடுங்க.